முதலாளி இல்லாதவர்களின் சம்பளச் சீட்டு

கூட்டுறவின் கதை – அத்தியாயம் 18

சென்ற அத்தியாயத்தை ஸ்பெயினின் மோன்ட்ராகனில் நிறுத்தியிருந்தோம். 1958-இல் ஸ்பெயின் அரசு எடுத்த முடிவு நினைவிருக்கும். கூட்டுறவு ஆலையில் உழைப்பவர் அந்த ஆலையின் பங்குதாரரும்கூட. ஆகவே அவர் தொழிலாளி அல்ல, உடைமையாளர். தொழிலாளருக்கான சமூகக் காப்பீடு அவருக்குக் கிடையாது. மறு ஆண்டே மோன்ட்ராகன்காரர்கள் ‘லாகுன் ஆரோ’ என்ற சொந்தக் காப்பு நிதியைத் தொடங்கினார்கள். நோய்க்கும் முதுமைக்கும் அரசு தர மறுத்ததைத் தங்கள் சம்பாத்தியத்திலிருந்து ஒதுக்கித் தங்களுக்குத் தாங்களே கொடுத்துக்கொண்டார்கள்.

நாற்பது ஆண்டுகள் கழித்துப் பெல்ஜியத்தில் ஏறக்குறைய அதே சிக்கல் எழுந்தது. அங்கே அதை அவிழ்த்தவர்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். அரசின் காப்பீட்டுக்கு வெளியே தனியாக ஒன்றைக் கட்டவில்லை. வெளியே நின்றவர்களை அந்தக் காப்பீட்டுக்குள்ளேயே அழைத்துப்போக வழி கண்டார்கள். அந்த வழியின் பெயர் ஸ்மார்ட். அதில் நடந்தவர்கள் யாருக்கும் நிலையான முதலாளி கிடையாது. இசைக்கலைஞர், நடிகர், மேடைக்கு விளக்கு அமைப்பவர், மொழிபெயர்ப்பாளர், புகைப்படக்காரர், பிற்பாடு சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோன இளைஞர்கள். வேலை இருந்தால் வருமானம், இல்லாவிட்டால் வெறுங்கை என்று வாழ்ந்த மனிதர்கள்.

அவர்கள் கதையைப் புரிந்துகொள்ள, முதலில் அதே பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்து ரொட்டிக்கடைக்குப் போக வேண்டும்.

ரொட்டியிலிருந்து சம்பளப் பட்டியல் வரை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெண்ட் பஞ்சாலைகளின் ஊர். ஆலைக்கூலியில் பெரும்பங்கு ரொட்டிக்கே போய்விடும். 1873-இல் அங்குள்ள தொழிலாளர்கள் ‘சுதந்திர ரொட்டிக்காரர்கள்’ என்ற பெயரில் ஒரு கூட்டுறவு ரொட்டிக்கடை தொடங்கினார்கள். அதிலிருந்து பிரிந்த சோசலிஸ்டுகள், எட்வர்ட் ஆன்சேலேயின் முன்முயற்சியில், 1880-இல் ‘வோராய்ட்’ என்ற கூட்டுறவை நிறுவினார்கள். ‘முன்னோக்கி’ என்று பொருள். ரொட்டி விற்ற லாபம் உறுப்பினர்களுக்கே திரும்பியது. உறுப்பினர் நோயில் படுத்தால் அவர் வீட்டுக்கு விலையில்லாமல் ரொட்டி போனது. நிலக்கரி, மருந்தகம், துணிக்கடை, நாளிதழ் என்று வோராய்ட் வளர்ந்தது. கூலி நின்ற வாரத்திலும் அடுப்பெரிய வேண்டும் என்பதே அதன் கணக்கு.

வேலையில்லாக் காலத்துக்கும் கெண்ட்தான் வழிகாட்டியது. தொழிற்சங்கங்கள் உறுப்பினர் சந்தாவிலிருந்து வேலையிழந்தவர்களுக்குச் சிறு உதவித்தொகை கொடுத்துவந்தன. 1901-இல் கெண்ட் நகராட்சி அந்தத் தொகைமேல் தன் பங்காகவும் ஒரு தொகையைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது. லூயி வார்லே என்ற வழக்கறிஞர் இதற்குப் பின்னால் இருந்தார். ‘கெண்ட் முறை’ என்ற பெயரில் இது நார்வே, டென்மார்க், பின்லாந்து, ஸ்வீடன் என்று வடக்கே பரவியது. இன்றும் பெல்ஜியத்தில் வேலையின்மை உதவித்தொகையைத் தொழிற்சங்கங்கள் வழியாகப் பெறுபவர்கள் ஏராளம்.

பிறகு 1944 டிசம்பர் 28. உலகப்போர் இன்னும் முடியவில்லை. ஆர்டென் காடுகளில் ஜெர்மன் படை கடைசியாகத் தாக்கிக்கொண்டிருந்த அதே நாள்களில், பெல்ஜிய அரசு சமூகக் காப்பீட்டு ஆணையை வெளியிட்டது. மருத்துவம், நோய்க்கால ஊதியம், ஓய்வூதியம், வேலையின்மை உதவி, குழந்தைகளுக்கான படி, ஆண்டு விடுமுறைச் சம்பளம் ஆகிய அனைத்தும் கூலிக்கு உழைக்கும் எல்லோருக்கும் கட்டாயமாயின. நம் ஊரில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிப்பதுபோலத் தொழிலாளி பங்கை முதலாளி சம்பளத்தில் பிடித்து, தன் பங்கையும் சேர்த்து, அரசின் ஒரே அலுவலகத்தில் கட்ட வேண்டும்.

தொழிலாளர் இயக்கம் அறுபது எழுபது ஆண்டுகள் போராடிச் சேர்த்த செல்வம் இது. ஆனால் முழு ஏற்பாடும் ஒரே ஒரு தாளை நம்பி நின்றது. முதலாளி மாதாமாதம் எழுதும் சம்பளப் பட்டியல்தான் அந்தத் தாள். அதில் பெயர் இருப்பவருக்கு எல்லாம் உண்டு. பெயர் இல்லாதவருக்கு?

பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

சொந்தமாகத் தொழில் செய்பவர்களுக்கென்று 1967-இல் பெல்ஜியம் தனிச் சட்டம் கொண்டுவந்தது. கடைக்காரர், விவசாயி, மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரை நினைத்து எழுதப்பட்ட சட்டம் அது. ஓய்வூதியம் உண்டு; வேலையின்மை உதவி இல்லை; வேலையில் அடிபட்டால் தொழிலாளிக்குக் கிடைக்கும் விபத்துக் காப்பீடு இல்லை. வருமானம் எவ்வளவு குறைந்தாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறைந்தபட்சச் சந்தாவைக் கட்டியாக வேண்டும். கடை வைத்திருப்பவரால் முடியலாம். டிசம்பரில் நான்கு கச்சேரி, ஜனவரியில் ஒன்றுமில்லை என்று வாழும் வயலின்காரரால் முடியாது.

கலைஞர்களைச் சட்டம் மறந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. 1969-இல் வந்த சமூகக் காப்பீட்டு விதி, மேடைக் கலைஞர்களைத் தொழிலாளர்களாகவே கருத வேண்டும் என்றது. அவர்களைக் கூலி கொடுத்து அழைப்பவர் அந்த ஒரு நாளைக்கு முதலாளி. எண்ணம் நல்ல எண்ணம்தான். நடைமுறையில் என்ன ஆயிற்று என்று பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை ஒரு காபிக் கடையில் பாட்டு. சனிக்கிழமை ஒரு திருமணத்தில். ஞாயிறு ஓர் ஊர்த் திருவிழாவில். மூன்று நாளில் மூன்று முதலாளிகள். அந்தக் காபிக் கடைக்காரரும் மணமகளின் தகப்பனாரும் விழாக் குழுவினரும் ஒரே ஒரு மாலைக்காகத் தங்களை முதலாளிகளாகப் பதிவு செய்து, விபத்துக் காப்பீடு எடுத்து, பிடித்தம் கணக்கிட்டு, அரசுக்குப் படிவம் அனுப்ப வேண்டும். அந்தச் சிரமத்துக்கு யாரும் துணிவதில்லை. கையில் காசைத் திணித்து அனுப்பிவிடுவார்கள். அல்லது, “நீங்களே பில் போட்டுக் கொடுங்கள்” என்பார்கள். ஓவியருக்கும் சிற்பிக்கும் எழுத்தாளருக்கும் அந்த விதிகூட இல்லை. மேடை ஏறுபவர்களுக்கு மட்டுமே அது எழுதப்பட்டிருந்தது.

கையில் வந்த காசு அன்றைக்குச் செலவாகிவிடும். ஆனால் அந்த நாள் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. வேலையின்மை உதவி பெற வேண்டுமானால், முப்பத்தாறு வயதுக்கு உட்பட்டவர் குறிப்பிட்ட காலத்துக்குள் 312 வேலைநாள்களைக் காட்ட வேண்டியிருந்தது. ஆண்டு முழுவதும் உழைத்த கலைஞரிடம் காட்டுவதற்கு நாள்கள் இல்லை. ஒத்திகைக்கு மூன்று மாதம், மேடையில் ஐந்து மாலைகள் என்றால், கணக்கில் வருவது அந்த ஐந்து மாலைகள் மட்டும். அதுவும் யாராவது எழுதியிருந்தால்.

திறமையும் உழைப்பும் இருந்தன. கூலி கொடுக்க ஆளும் இருந்தது. இவற்றைக் காப்பீட்டோடு இணைக்கும் தாளை எழுதத்தான் ஆள் இல்லை.

தாளை எழுத வந்தவர்கள்

1998-இல் பிரஸ்ஸல்ஸில் ஜூலெக் யூரோவிச், பியேர் புர்னோத் என்ற இருவர் லாப நோக்கமற்ற சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். கலைஞர்களுக்கான பரஸ்பர உதவிச் சங்கம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ஸ்மார்ட்’ என்று பெயர். யோசனை எளிமையானது. ஆயிரம் கச்சேரிக்கு ஆயிரம் தற்காலிக முதலாளிகள் படிவம் நிரப்ப மாட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் பதிலாக ஒரே அமைப்பு முதலாளியாகப் பதிவு செய்துகொண்டால் என்ன?

வேலை நடக்கும் விதம் இதுதான். கலைஞர் வழக்கம்போலத் தனக்கான வேலையைத் தானே தேடிக்கொள்கிறார். கூலியையும் தானே பேசி முடிக்கிறார். அந்த இடத்தில் ஸ்மார்ட் தலையிடுவதில்லை. வேலை கொடுப்பவருக்கு ஸ்மார்ட் பில் அனுப்புகிறது. கலைஞரைத் தன் ஊழியராக அந்த நாள்களுக்கு வேலையில் அமர்த்துகிறது. அரசுக்கு அறிவிப்பது, விபத்துக் காப்பீடு எடுப்பது, பிடித்தம் கட்டுவது, வரி செலுத்துவது எல்லாம் அதன் பொறுப்பு. கடைசியில் கலைஞர் கையில் வங்கிப் பணமும் ஒரு சம்பளச் சீட்டும் வந்து சேர்கின்றன.

ஓர் எடுத்துக்காட்டாக 2016 வாக்கில் 1,000 யூரோ பில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதில் நூற்றுக்கு 6.5 வீதம், அதாவது 65 யூரோ, ஸ்மார்ட்டின் செலவுக்குப் போகிறது. மீதியுள்ள 935 யூரோவிலிருந்து முதலாளியின் பங்கு, தொழிலாளியின் பங்கான 13.07 சதவீதம், வருமான வரி மூன்றும் கழிகின்றன. கைக்கு வருவது மொத்தத்தில் பாதியை ஒட்டி இருக்கும். பாதிதானா என்று முதலில் கேட்டவர்கள் உண்டு. கழிந்த தொகை எங்கும் தொலைந்துவிடவில்லை. அது மருத்துவமனைப் படுக்கையாகவும் வேலையில்லாத மாதத்தின் வாடகையாகவும் முதுமையின் ஓய்வூதியமாகவும் அவரிடமே திரும்பி வரும். முன்பு முழுக்காசும் கையில் இருந்தது. ஆனால் இந்தக் காப்பு எதுவும் இல்லை.

இன்னும் ஒன்று உண்டு. சுயாதீனமாக உழைக்கும் எவருக்கும் இதன் அருமை தெரியும். வேலை முடிந்த பின் பணம் வருவதற்குள் படும் பாடு. முப்பது நாள் என்பார்கள், தொண்ணூறு நாள் ஆகும். ஆறாவது முறை தொலைபேசியில் கேட்கும்போது நம் கூலியை நாமே பிச்சையாகக் கேட்பதுபோல் கூசும். ஸ்மார்ட் அந்தக் காத்திருப்பைத் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. ஒப்பந்தம் முடிந்து ஏழு வேலைநாள்களுக்குள் உறுப்பினருக்குச் சம்பளம். வேலை கொடுத்தவர் பணம் கட்டியிருந்தாலும் கட்டாவிட்டாலும். அவர் தாமதித்தால் வசூலிப்பது ஸ்மார்ட்டின் வேலை; அவர் திவாலானால் நஷ்டம் ஸ்மார்ட்டுக்கு. எல்லா உறுப்பினர்களின் கட்டணத்திலிருந்தும் சிறுபங்கைச் சேர்த்து வைத்த உத்தரவாத நிதி இதற்கு ஈடாக நின்றது.

கெண்ட் நகரத்து ரொட்டிக்கடையின் தத்துவமே இங்கும் வேலை செய்கிறது. ஒருவருடைய கெட்ட மாதத்தை ஆயிரம் பேரின் சாதாரண மாதங்கள் தாங்குகின்றன.

தனி மனிதரிலிருந்து கூட்டு நிறுவனத்துக்கு

2002 டிசம்பர் 24-ஆம் நாள் சட்டம் கலைஞர்களின் நிலையைத் திருத்தியது. 2003 ஜூலை முதல் மேடைக் கலைஞர் மட்டுமல்லாமல், கூலிக்குப் படைப்பு வேலை செய்யும் ஓவியர், எழுத்தாளர் போன்றவர்களும் தொழிலாளர் காப்பீட்டின் கீழ் வர முடிந்தது. ஸ்மார்ட்டின் வாசலில் கூட்டம் பெருகியது. 2004 வாக்கில் இன்னொரு வசதியும் வந்தது. உறுப்பினர் தன் பெயரில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். வரும் பில் தொகைகள் அதில் சேரும். கருவி வாங்குவது, பயணம், விளம்பரம் போன்ற செலவுகள் அதிலிருந்து போகும். மீதியைத் தனக்கு எப்போது, எத்தனை நாள் சம்பளமாக எடுத்துக்கொள்வது என்பதை அவரே முடிவு செய்வார். மழைக்காலத்தில் ஏரியில் நீரைத் தேக்கிக் கோடையில் பாசனத்துக்குத் திறப்பதைப்போல, நிறைந்த மாதத்தின் வருமானம் வறண்ட மாதத்துக்கும் சம்பளமாகப் பாய்ந்தது.

ஒரு சிறு நிறுவனத்துக்குரிய கணக்கு வழக்கு முழுவதும் தனி ஒருவருக்குக் கிடைத்தது; ஆனால் நிறுவனம் தொடங்கும் செலவும் அபாயமும் அவர் தலையில் விழவில்லை. இதைக் கண்டு பத்திரிகையாளர்கள், பயிற்சியாளர்கள், வடிவமைப்பாளர்கள், கணினி நிரல் எழுதுபவர்கள் என்று கலைக்கு வெளியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பல்லாயிரம் பேருக்குச் சம்பளச் சீட்டு எழுத நூற்றுக்கு மேற்பட்ட நிரந்தர ஊழியர்கள் தேவைப்பட்டார்கள்.

ஐரோப்பாவில் அப்போது இந்த எண்ணம் ஒரே இடத்தில் மட்டும் முளைத்திருக்கவில்லை. இத்தாலியின் வெரோனாவில் 1990-லேயே இசைக்கலைஞர்கள் ‘டாக் செர்விட்ஸி’ என்ற கூட்டுறவைத் தொடங்கித் தங்களுக்குத் தாங்களே முதலாளியாகியிருந்தார்கள். பிரான்சின் லியோன் நகரில் 1995-இல் எலிசபெத் போஸ்ட் ‘காப் செர்வீஸ்’ என்ற அமைப்பை நிறுவினார். வேலையில்லாதவரைப் பார்த்து, “நீங்களே தொழில் தொடங்குங்கள்” என்று அரசுகள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தொடங்கியவர்கள் தனியாக விழுவதைப் பார்த்த அவர், சேர்ந்து தொழில் செய்ய ஒரு கூரை அமைத்தார். தச்சர், தையற்காரர், தோட்டக்கலைஞர், ஆலோசகர் என்று ஒவ்வொருவரும் தத்தம் தொழிலைச் செய்வார்கள். கணக்கும் பதிவும் காப்பீடும் பொதுவில் இருக்கும். விற்றுவரும் வருமானம் அவர்களுக்குச் சம்பளமாக மாறும். ‘தொழில் மற்றும் வேலைவாய்ப்புக் கூட்டுறவு’ என்று இந்த வகைக்குப் பெயர். 2004-இல் பாரிஸில் தோன்றிய ‘கோபனாம்’ இவற்றுள் பெரியவற்றில் ஒன்று. 2014 ஜூலை 31-ஆம் நாள் பிரான்சின் சட்டமே இந்த அமைப்பை அங்கீகரித்தது. ‘சம்பளம் பெறும் தொழில்முனைவர்’ என்ற புதிய நிலை சட்டப் புத்தகத்தில் ஏறியது. மூன்று ஆண்டுகளுக்குள் அவர் கூட்டுறவின் பங்குதாரராகவும் ஆக வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

கடைசியில் சொன்ன நிபந்தனை மிக முக்கியமானது. ஏனெனில் ஸ்மார்ட் அதுவரை கூட்டுறவு அல்ல. உறுப்பினர்கள் அதன் சேவையைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அதை ஆளவில்லை. முடிவெடுப்பவர்கள் நிறுவனர்களும் ஒரு சிறு குழுவும்தான். 2014-இல் தலைமைப் பொறுப்புக்கு வந்த சாந்த்ரினோ கிராசெஃபா, இதை ‘பகிர்ந்துகொள்ளப்பட்ட நிறுவனம்’ ஆக்க வேண்டும் என்று பேசினார். பணிக்குழுக்களிலும் கூட்டங்களிலும் உறுப்பினர்களும் ஊழியர்களும் உட்கார்ந்து விவாதித்தார்கள். 2016-இல் பொதுக்குழு வாக்களித்து ஸ்மார்ட்டைக் கூட்டுறவாக மாற்றியது. ஒரு பங்கின் விலை 30 யூரோ. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் வகுத்த அதே விதி, நூற்றெழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, தறியே காணாத மொழிபெயர்ப்பாளர் கையிலும் கிடார்காரர் கையிலும் வந்து சேர்ந்தது.

சைக்கிள்காரர்களும் ஒரு ஜூலை மாதமும்

கூட்டுறவாக மாறிய அதே 2016-இல்தான் ஸ்மார்ட்டுக்கு மிகப்பெரிய சோதனையும் வந்தது.

பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் முதுகில் சதுரப் பையோடு சைக்கிள் ஓட்டும் இளைஞர்கள் பெருகியிருந்தார்கள். டெலிவரூ என்ற லண்டன் நிறுவனமும், டேக் ஈட் ஈஸி என்ற பிரஸ்ஸல்ஸ் நிறுவனமும் செயலி வழியாக உணவு அனுப்பின. அவற்றின் டெலிவரி ஊழியர்கள் பலர் ஏற்கெனவே தாங்களாகவே ஸ்மார்ட்டில் சேர்ந்து தங்கள் பில்லை அதன் வழியே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் அனைவரும் இரண்டே நிறுவனங்களுக்கு வேலை செய்கிறார்கள் என்பதைக் கண்ட ஸ்மார்ட், அந்த நிறுவனங்களோடு நேரடியாகப் பேசியது. 2016 மே மாதம் ஒப்பந்தம் ஏற்பட்டது. வேலைக்கு அழைத்தால் குறைந்தது மூன்று மணி நேரக் கூலி, தொலைபேசிச் செலவில் பங்கு, சைக்கிள் பராமரிப்பு, பாதுகாப்புப் பயிற்சி, விபத்துக் காப்பீடு. ஓர் ஆர்டரும் வராமல் மழையில் காத்திருந்த மணி நேரமும் கூலியுள்ள நேரமானது.

இரண்டே மாதம். 2016 ஜூலை 26 அன்று டேக் ஈட் ஈஸி பணமின்றிச் சரிந்தது. ஐரோப்பாவின் பல நகரங்களில் அதற்காக ஓடிய இளைஞர்களுக்கு அந்த மாதக் கூலி கிடைக்கவில்லை. சுயதொழில் செய்பவர்களாகப் பதிவு செய்திருந்தவர்கள், கடன்கொடுத்தவர்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். ஆனால் பெல்ஜியத்தில் ஸ்மார்ட் வழியாக ஓட்டிய ஏறத்தாழ 400 பேருக்குக் கூலி வந்தது. உத்தரவாத நிதியிலிருந்து சுமார் 3,40,000 யூரோவைக் கூட்டுறவு எடுத்துக் கொடுத்தது. அந்தப் பணம் நாடக நடிகர்களும் இசைக்கலைஞர்களும் வடிவமைப்பாளர்களும் தங்கள் பில்களிலிருந்து சேர்த்த பணம். தாங்கள் முகம்கூடப் பார்த்திராத சைக்கிள்காரர்களின் கூலியை அவர்கள் கொடுத்தார்கள். கூட்டுறவு இயக்கத்தின் வரலாற்றில் பெரிய கட்டடங்களையும் பெரிய ஆலைகளையும் எழுதியாயிற்று. அவற்றுக்குச் சமமான இடத்தை அந்த ஜூலை மாதத்துச் சம்பளப் பட்டியலுக்கும் கொடுக்க வேண்டும்.

அதன்பின் அந்த இரண்டில் டெலிவரூ மட்டும் எஞ்சியது. அதன் பெல்ஜிய ஊழியர்களில் பெரும்பாலோர் ஸ்மார்ட் வழியாகவே வேலை செய்தார்கள். தொழிற்சங்கங்களோடு சேர்ந்து முறையான கூட்டு ஒப்பந்தம் எழுதும் பேச்சும் தொடங்கியிருந்தது. 2017 அக்டோபரில் டெலிவரூ ஸ்மார்ட்டோடு செய்த ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. மணிக்கூலி போய் டெலிவரிக்கு இவ்வளவு என்ற முறை வந்தது. 2016-இல் வந்திருந்த ஒரு வரிச் சட்டம், செயலிகள் வழியாகச் செய்யும் சிறு வேலைகளில் ஆண்டுக்குச் சில ஆயிரம் யூரோ வரை சமூகக் காப்பீட்டுச் சந்தா இல்லாமல் சம்பாதிக்க இடம் கொடுத்தது. பெரும்பாலானவர்கள் அந்தப் பக்கம் தள்ளப்பட்டார்கள். 2018 ஜனவரியில் டெலிவரி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிரஸ்ஸல்ஸில் டெலிவரூ அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். நிறுவனம் இறங்கிவரவில்லை. மாத இறுதியோடு ஸ்மார்ட் வழியான வேலை முடிந்தது.

கூட்டுறவின் எல்லை அங்கே தெரிந்தது. உழைப்பவர்கள் தங்களுக்குள் அபாயத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம். உழைப்பை வாங்குபவர் அந்த ஏற்பாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்க அவர்களிடம் வேறு கருவி வேண்டும்.

அந்தக் கருவி நீதிமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் மெல்ல உருவானது. 2021 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸ் தொழிலாளர் தீர்ப்பாயம் டெலிவரி ஊழியர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை. 2023 டிசம்பர் 21-இல் மேல்முறையீட்டில் தொழிலாளர் நீதிமன்றம் அதை மாற்றியது. அவர்கள் டெலிவரூவின் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. இடையில் 2022 அக்டோபரில் பெல்ஜியம் சட்டம் இயற்றி, செயலி நிறுவனம் வேலையை எந்தெந்த விதங்களில் கட்டுப்படுத்தினால் அங்கே தொழிலாளர் உறவு இருப்பதாகக் கொள்ள வேண்டும் என்று அளவுகோல் வகுத்தது. 2023 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியமும் செயலி வழி வேலைக்கென்று ஒரு வழிகாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. அதை 2026 டிசம்பருக்குள் உறுப்பு நாடுகள் தத்தம் சட்டமாக்க வேண்டும்.

எழுந்த கேள்விகள்

ஸ்மார்ட்டைக் குறை சொன்னவர்களும் உண்டு. அவர்களில் முக்கியமானவர்கள் தொழிற்சங்கத்தினர். அவர்கள் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. டெலிவரி ஊழியரின் உண்மையான முதலாளி செயலி நிறுவனம்தானே? அதன் கடமைகளைக் கூட்டுறவு சுமந்தால், உண்மையான முதலாளி தப்பித்துக்கொள்ள வழிசெய்ததாகாதா? மேலும், பேசி முடித்த மொத்தத் தொகையிலிருந்தே முதலாளியின் பங்கும் கழிகிறது. கூலியை உயர்த்திப் பேசும் வலிமை இல்லாத கலைஞர், முதலாளியின் பங்கையும் தன் உழைப்பிலிருந்து கட்டுகிறார் என்பதுதானே பொருள்?

இரண்டும் நியாயமான கேள்விகள். பல பேரிடம் மாறி மாறி வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளருக்கு எந்த ஒருவரும் முதலாளி இல்லை; அவருக்குக் கூட்டுறவு மெய்யான விடை. நாள் முழுவதும் ஒரே நிறுவனத்தின் கட்டளைப்படி ஓடுபவருக்கு முதலாளி இருக்கிறார். அவரைப் பொறுப்பேற்க வைப்பதுதான் மெய்யான விடை. அந்த நாள் வரும்வரை ஜூலை மாதக் கூலியை யார் கொடுப்பது என்று கேட்டால், கொடுத்தது கூட்டுறவுதான். இரண்டையும் சேர்த்தே நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கூட்டுறவு என்ற பெயர் மட்டும் போதாது என்பதற்கு ஸ்பெயின் சாட்சி. அங்கே ‘ஃபாக்டூ’ என்ற கூட்டுறவு சுயாதீனப் பணியாளர்களுக்கு பில் போட்டுத் தரும் வேலையைப் பெரிய அளவில் செய்தது. உறுப்பினர்கள் வேலை செய்த நாள்களுக்கு மட்டும் சந்தா கட்டி, சுயதொழில் செய்பவருக்கான மாதச் சந்தாவைத் தவிர்க்க அது வழியானது. உறுப்பினர்களுக்கிடையே மெய்யான கூட்டுத் தொழில் இல்லை என்று சொல்லி 2017-இல் அரசு அதைத் தகுதிநீக்கம் செய்தது. பில் போட்டுத் தரும் மேசைக்கும் கூட்டுறவுக்கும் உள்ள வேறுபாடு பொது நிதியிலும் பொதுக்குழுவிலும் இருக்கிறது. ஒருவர் விழும்போது தாங்கும் நிதியும், அந்த நிதி எப்படிச் செலவாக வேண்டும் என்று சொல்லும் உரிமையும் இல்லாத இடத்தில் கூட்டுறவு இல்லை.

மிகச் சிறிய அளவிலும் அது இருக்க முடியும் என்று நெதர்லாந்து காட்டியது. அங்கே சுயதொழில் செய்பவர்களுக்கான அரசின் உடல்திறன் இழப்புக் காப்பீடு 2004-இல் நிறுத்தப்பட்டது. தனியார் காப்பீடு பலருக்கு எட்டாத விலை. 2006 முதல் ‘ரொட்டி நிதி’ என்ற பெயரில் குழுக்கள் தோன்றின. ஒருவரை ஒருவர் அறிந்த இருபது முதல் ஐம்பது பேர். ஒவ்வொருவரும் மாதாமாதம் ஒரு தொகையைத் தம் பெயரிலேயே ஒதுக்கி வைப்பார்கள். யாராவது நோயில் விழுந்தால் மற்றவர்கள் கணக்கிலிருந்து சிறு சிறு தொகை அன்பளிப்பாக அவருக்குப் போகும். இரண்டு ஆண்டுகள் வரை அது தொடரும். இடையில் காப்பீட்டு நிறுவனம் இல்லை, பொய்யாக நோய் என்று சொல்லவும் யாருக்கும் மனம் வராது, எல்லோரும் தெரிந்த முகங்கள்.

ஏன் இந்தக் கதை நமக்கு முக்கியம்

இருபதாம் நூற்றாண்டு உழைப்பவருக்கு இரண்டே வழிகளைக் காட்டியது. காப்பு வேண்டுமா, ஒரு முதலாளியின் கீழ் போ. உன் விருப்பப்படி உழைக்க வேண்டுமா, காப்பை மறந்துவிடு. வெரோனா, லியோன், பிரஸ்ஸல்ஸ் ஆகிய ஊர்களில் வாழ்ந்த எளிய மனிதர்கள் இந்த இரண்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்க மறுத்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தது பெரிய இயந்திரம் எதுவும் அல்ல. முதலாளி எழுத வேண்டிய தாளைத் தாங்களே சேர்ந்து எழுதலாம் என்பதுதான். அதை எழுதுவதற்கு ஒரு பொது அலுவலகம், அதைத் தாங்குவதற்கு ஒரு பொது நிதி, அதை ஆள்வதற்கு ஆளுக்கு ஓர் ஓட்டு.

அந்த ஏற்பாடு நிற்பதற்கு அடியில் அரசின் சமூகக் காப்பீடு இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பெல்ஜியத்தில் உள்ளே போக ஒரு வீடு இருந்தது. ஸ்மார்ட் கதவைத் திறந்தது. மோன்ட்ராகனில் வீட்டையே கட்ட வேண்டியிருந்தது. இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது நிலை ஒன்று உண்டு. முதலாளியும் இல்லை, அரசின் காப்பீடும் இல்லை, வங்கி வாசலில் ஏறவும் அனுமதி இல்லை. இருந்தும் ஆயிரக்கணக்கான பெண்கள் கூடித் தங்களுக்குச் சங்கமும் வங்கியும் காப்பீடும் உண்டாக்கிக்கொண்டார்கள். “முதலாளியே இல்லாதவர்களுக்கு எதற்குத் தொழிற்சங்கம்?” என்று கேட்ட அதிகாரிகளை வாதாடி வென்று 1972-இல் தங்கள் சங்கத்தைப் பதிவு செய்தவர்கள் அவர்கள். தலைச்சுமை தூக்குபவர்கள், தெருவில் காய்கறி விற்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து தைப்பவர்கள். அகமதாபாத்தின் சேவா அமைப்பும் அதை நிறுவிய எலா பட்டும் அடுத்த அத்தியாயத்தில்.

(தொடரும்)